தீர்த்தம் குடித்த பற்றரி

முல்லைத்தீவில் 1963ஆம் ஆண்டு ஆவணி மாதம் மீனை விட மலிவாகக் கிடைத்தது ஒரு கதை. அம்மாளின் தீர்த்தம் நஞ்சு என்று இங்கிலீசில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துத்தான் பற்றரி யஹ்யா அரசாங்கத்துச் சேட்டிபிக்கற்றை வாங்கினான் என்பதே அது. கடற்கரையில் இவ்வளவுதான் இருந்தது. பஸ் ஏறித் தண்ணீரூற்றில் போய் இறங்கியபோது, இரண்டு போத்தல் தேனும் ஒரு பாரைக் கருவாடும் லஞ்சமாக அதோடு சேர்ந்துகொண்டன. வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது யஹ்யா தீர்த்தச் செம்பைக் காலால் தட்டிவிட்டிருந்தான்.

இப்படிப்பட்ட கதையை உடனே நம்பிவிடுவது பாவம். நம்பாமல் விட்டு அதன் சுவையைக் கெடுப்பது அதைவிடப் பெரிய பாவம். ஆகவே விசாரிக்க வேண்டியதாயிற்று. சந்தையில் மீன் விற்கும் அன்னபாக்கியம், யஹ்யாவின் கொட்டிலில் அந்தக் கடதாசி தொங்குவதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சத்தியம் செய்தார்.

"கண்டனீங்கள் சரி. என்ன எழுதிக் கிடந்தது?"

"அதை வாசிக்க நான் என்ன கிளாக்கரோ? எழுத்தின்ர கோணலைப் பார்க்கவே தெரியுது, அம்மாளைத்தான் ஏசிக் கிடக்கு."

ஊர் முழுக்கக் கேட்டாலும் இதே பதில்தான். கதையைச் சொன்னவர் நூறு பேர். கடதாசியை வாசித்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் அதை வாசிக்கக் கூடியவராக இருந்தவர் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசி மயில்வாகனம். அவரைக் கேட்டால், அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்குப் போக நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே யஹ்யாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

யஹ்யா தண்ணீரூற்றுக்காரன். திருகோணமலையில் வெள்ளைக்காரனின் கப்பற்துறையில், மின்வேலைக்காரருக்கு எடுபிடியாகப் பதினொரு வருடம் நின்றவன். எடுபிடி என்று கடதாசியில் இருந்தது. வேலையை அவன் செய்தான், கடதாசியில் மேலே இருந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். 1957இல் துறையைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரன் கிளம்பியபோது யஹ்யாவுக்கும் ஒரு கடிதம் கொடுத்தான். நல்ல நடத்தையுள்ளவன், நேரத்துக்கு வருவான் என்றது கடிதம். வேலை தெரிந்தவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தோடு, அமிலத்தின் கனம் பார்க்கிற ஒரு கண்ணாடிக் குழாயும், எவரையும் கனம்பண்ணாத ஒரு வாயும் அவனோடு ஊருக்கு வந்தன.

கடற்கரை வீதியில் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டான். ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின், அது சுற்றுகிற ஒரு டைனமோ, வரிசையாகக் குந்தியிருந்து சார்ஜ் ஏறுகிற பற்றரிகள். நல்ல காலம், அவன் கொட்டில் போட்ட கையோடு கடனுக்கு மூன்றரைத் தொன் மிசின் படகுகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பற்றரி, ஒரு டைனமோ, இரண்டு விளக்கு. படகுக்காரருக்குக் கடல் தெரியும், காற்றுத் தெரியும், வலை தெரியும். பற்றரியோ வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன் மாதிரி. எதைத் தின்னும், எதற்குக் கோபிக்கும் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியவன் யஹ்யா ஒருவன்தான். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் ஊரின் துன்பம்.

"இது பற்றரியோ, உங்கட வீட்டு ஊறுகாய்ச் சாடியோ?" என்று கேட்டுத்தான் பொருளைக் கையில் வாங்குவான். "இந்த வயரை முறுக்கினவன் ஆர்? மாடு கட்டுறவனோ?" என்பான். முறுக்கியவர் முன்னாலேயே நிற்பார். நின்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஏனென்றால் அடுத்த ஆளைத் தேடி யாழ்ப்பாணம் போக வேண்டும்.

மயில்வாகனமும் ஒருநாள் அப்படி நின்றவர்தான். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்று, சங்கத்துக்குக் காரியதரிசியாகவும் கோயில் திருவிழாக் குழுவில் ஓர் அங்கத்தவராகவும் இருந்தவர். அவருடைய வீட்டு ரேடியோ ஊமையாகிவிட்டது என்று பற்றரியோடு வந்தார். யஹ்யா ரேடியோவைப் புரட்டிப் பார்த்தான். ஆறு பேர் கேட்க, "ஐயா, முப்பது வருசம் கந்தோரில இருந்தும் எது தலை எது கால் எண்டு தெரியாமலோ வயரைக் கொழுவினீங்கள்?" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். மயில்வாகனம் சிரிக்கவில்லை, அந்த ஆறு பேரின் பெயரையும், ஏழாவதாக யஹ்யாவின் பெயரையும் மனதில் எழுதி வைத்துக்கொண்டார்.

எழுதி வைத்ததற்குப் பலன் 1963 சித்திரையில் தபாலில் வந்தது. கடனில் வாங்கிய படகுகளில் மின்வேலை செய்கிறவர் தராதரப் பத்திரம் பெற்றவராக இருக்க வேண்டும். செப்டெம்பர் முதலாம் திகதிக்குப் பிறகு பத்திரம் இல்லாதவர் கைவைத்த படகுக்குக் காப்புறுதி செல்லாது என்றது சுற்றறிக்கை. சங்கத்தில் பத்தொன்பது கடன் படகுகள். அவை போனால் யஹ்யாவின் கொட்டிலில் மிஞ்சுவது நாலு ரேடியோவும் ஒரு லொறியும். அந்த லொறியும் ஓடாது.

மயில்வாகனம் சுற்றறிக்கையைச் சங்க மண்டபத்தில் தேவாரம் பாடுவதுபோல இழுத்து வாசித்தார். கடைசி விதியை இரண்டு தரம் வாசித்தார். விண்ணப்பதாரியின் வேலையைப் பற்றி முறைப்பாடு ஏதும் இருந்தால், பரீட்சகர் முன்னால் அதை அவர் விளக்கித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் பத்திரம் இல்லை.

"உன்னைப் பற்றி முறைப்பாடு ஒண்டும் இல்லைத்தானே யஹ்யா?" என்றார் பாசத்தோடு.

யஹ்யாவின் வாயைப் பற்றி ஊர் முழுக்க முறைப்பாடு இருந்தது. வேலையைப் பற்றி ஒன்றுமில்லை. அது மயில்வாகனத்துக்குப் பெரிய குறையாக இருந்தது. வைகாசியில் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் வீரகத்தி.

வீரகத்தி நல்ல மனிதர். அதாவது, சொன்னது ஒன்றும் காதில் ஏறாது. சங்கத்தின் பத்தொன்பது படகில் ஒன்று அவருடையது. அம்மாள் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல்நீரில் அம்மாளுக்கு விளக்கு எரிப்பது ஊர் வழக்கம். எண்ணெய் வேண்டாம், உப்புத் தண்ணீரில் விளக்கு நின்று எரியும். அந்த வருடம் தீர்த்தம் எடுத்த நாளில், அதே துறையில், அதே நேரத்தில், வீரகத்தி தன் பங்குக்கும் ஒரு சோடாப் போத்தல் நிறைய அள்ளிக்கொண்டார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே படகில் ஏறி, பற்றரியின் ஆறு மூடியையும் கழற்றி, ஆறு அறைக்கும் சமமாகப் பிரித்து ஊற்றி, கற்பூரமும் காட்டினார்.

பத்தாம் நாள் கொக்கிளாய்க்கு நேரே நடுக்கடலில் படகு நின்றது. கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிற இரும்புப் பிடி படகில் இருந்திருந்தால் அப்போதும் பிழைத்திருப்பார். அது வீட்டு முற்றத்தில் ஆடு கட்டுகிற முளையாக நின்றது. அடுத்த நாள் மத்தியானம் வேறொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. கரையில் கால் வைத்ததும் வீரகத்தி யஹ்யாவின் தகப்பன், பாட்டன் என்று ஒழுங்காக ஏசத் தொடங்கினார். போன மாதம்தான் யஹ்யா அந்தப் பற்றரிக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்திருந்தான். மயில்வாகனம் குடையை மறந்து ஓடி வந்தார். ஏச்சு முடிவதற்குள் முறைப்பாடு சங்கத்தின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

பற்றரியைக் கொட்டிலுக்குத் தூக்கி வந்து யஹ்யா சார்ஜில் போட்டான். கொஞ்ச நேரத்தில் கொட்டில் முழுக்க ஒரு மணம் எழும்பியது. சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குள் போடுகிற வெள்ளைத் தூளின் மணம். மூக்கு எரிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

"வீரகத்தியண்ணை, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

"தீர்த்தம்."

"கடல் தண்ணியோ?"

"கடல் தண்ணி விட நான் என்ன விசரனோ? தீர்த்தமெண்டு சொல்லுறன்."

"எங்க எடுத்தது?"

"கடலில."

யஹ்யா வானத்தைப் பார்த்தான். "அல்லாவே! பற்றரித் தண்ணி போத்தலில அடைச்சுத் தந்தனான், வேற ஒண்டும் விடாதேங்கோ எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னனான்..."

"காக்கா," என்றார் வீரகத்தி, முஸ்லிம் ஆண்களை ஊர் அழைக்கிற முறையில். "யோசிச்சுக் கதை. அந்தத் தண்ணியில விளக்கே எரியுது. உன்ர பற்றரி எரியாதோ? எரியேல்லையெண்டா பிழை தண்ணியிலயோ, பற்றரியிலயோ?"

யஹ்யாவும் சின்ன வயதில் கூட்டத்துக்குள் புகுந்து அந்த விளக்கைப் பார்த்தவன். எரிந்தது. அதை எரியவில்லை என்று சொல்ல அவனால் முடியாது. பற்றரி செத்ததும் உண்மை. இரண்டு உண்மையும் ஒரே கொட்டிலில் நின்று அவனை முறைத்துப் பார்த்தன. கொட்டிலுக்கு வெளியே இருபது பேர் நின்று அதையே செய்தார்கள்.

வீட்டில் மனைவி உம்மு ஹானி குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஆறு வருசமா ஒரு காரணமும் இல்லாம ஊரை ஏசினீங்கள். இப்ப ஒரு நல்ல காரணம் வந்திருக்கு. இதுக்கு மட்டும் வாயைப் பொத்துங்கோ."

"பொத்தினா சேட்டிபிக்கற் போகும்."

"பொத்தாட்டிக் கொட்டில் போகும். எது கெதியா எரியும், கடதாசியோ கிடுகோ?"

"தகட்டைப் போட்டவன் நான். என்ர வேலை பிழையெண்டு நானே சொல்லவோ?"

"உங்கட வேலை பிழையில்லையெண்டு அம்மாளின்ர சனத்துக்கு முன்னால நிண்டு சொல்லப் போறது நீங்கள். யஹ்யா எண்ட பேரோட. யோசிச்சுக் கொள்ளுங்கோ" என்றாள் அவள். மீனின் தலை தனியாக விழுந்தது.

பரீட்சை ஆவணி முதல் சனிக்கிழமை சங்க மண்டபத்தில் நடந்தது. பரீட்சகர் யோகநாதன் கொழும்பிலிருந்து வந்தவர். கழுத்துப் பட்டியும் வியர்வையுமாக ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். பரீட்சைக்கு இரண்டு பேர். ஒருவன் யஹ்யா. மற்றவன் பாலன், வவுனியாவில் லொறிகளுக்கு வயர் இழுக்கிறவன். மயில்வாகனத்தின் மனைவிக்குத் தம்பி. வழக்கமாகச் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேரமாட்டார்கள். அன்று யன்னல் கம்பிகளுக்கு இடையிலும் முகங்கள். மயில்வாகனம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். திருநீறும் சந்தனமும் துலங்க, மண்டபத்தின் நடுவில் வீரகத்தியின் பற்றரியை ஒரு மேசையில் வைத்து, மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் பாலன். கேள்விகளுக்குப் புத்தகம் பேசுவதுபோலப் பதில் சொன்னான். செய்முறைக்கு ஒரு விளக்கைப் படகு எஞ்சினோடு பொருத்தச் சொன்னார்கள். ஒற்றை வயரை இழுத்து, மற்ற வயருக்குப் பதிலாக எஞ்சினின் உடம்பையே பாவித்தான். விளக்கு எரிந்தது. மயில்வாகனம் கைதட்டப் போனார்.

"தம்பி, லொறி ரோட்டில நிக்கும்" என்றார் யோகநாதன். "இது உப்புத் தண்ணிக்குள்ள நிக்கும். இப்பிடிக் குடுத்தா மின்சாரம் தண்ணிக்குள்ளாலயும் ஓடி, ஒரு வருசத்தில அடியில சுத்துற விசிறியை அரிச்சுப்போடும். அடுத்த வருசம் வாரும்."

யஹ்யா இரண்டு வயர் இழுத்தான். இரண்டையும் எஞ்சினில் படாமல் தனித்தனியே கொண்டுபோனான். முடிச்சுகளுக்குக் கிறீஸ் பூசினான். கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. ஆனால் யோகநாதன் ஒவ்வொன்றுக்கும் பேனையால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். பிறகு முறைப்பாட்டுக் கடிதத்தை விரித்தார்.

"இந்தப் பற்றரி ஏன் பழுதானது?"

"உப்பு, ஐயா."

"உப்பு எப்பிடி உள்ள வந்தது?"

யஹ்யா மேசையைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான். முன் வாங்கில் தோளில் சால்வையோடு குந்தியிருந்த வீரகத்தியைப் பார்த்தான். "கடலில ஓடுற படகு ஐயா" என்றான்.

"மூடி இறுக்கமாய் இருந்தா ஆறு அறைக்கும் ஒரே அளவில உப்பு வராதே. மூடியைச் சரியாப் பூட்டாம விட்டனீரோ?"

இங்கேதான் ஊர் எதிர்பார்த்த வாய் திறக்க வேண்டும். மயில்வாகனம் முன்னால் சரிந்தார். தீர்த்தம் என்ற சொல் அந்த வாயிலிருந்து விழ வேண்டும். அதைப் பிடிக்க அவர் இரண்டு மாதமாகக் கை ஏந்தி நின்றார்.

"ஓம் ஐயா. மூடியை நான்தான் சரியாப் பூட்டேல்லை" என்றான் யஹ்யா மெல்ல. "பிழை என்ர எண்டு எழுதுங்கோ. வீரகத்தியண்ணை அதுக்குள்ள ஒண்டும் விடேல்லை."

உம்மு ஹானி சொல்லிக் கொடுத்த பணிவோ, திருகோணமலையில் வெள்ளைக்காரனிடம் படித்த வித்தையோ, அது இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் அவன் பற்றரியைப் பற்றித்தான் கதைப்பான். தெரிந்தது இவ்வளவுதான்: வீரகத்தியின் சால்வை கீழே விழுந்தது.

"என்ன? ஒண்டும் விடேல்லையோ?"

"இருங்கோ வீரகத்தி, இருங்கோ" என்று மயில்வாகனம் கையைப் பிடித்தார்.

"விடு கையை! ஒரு போத்தல் தீர்த்தம், ஆறு பங்கா, இந்தக் கையால விட்டனான்! கற்பூரம் காட்டினனான்! சனத்துக்கு முன்னால ஒண்டும் விடேல்லையெண்டு சொல்லி, அம்மாளுக்கு முன்னால என்னைப் பொய்யனாக்கிறியோ காக்கா? என்ர நேர்த்தியை இல்லையெண்டு சொல்ல நீ ஆர்?"

"நான் உங்களுக்காகத்தான் அண்ணை..."

"எனக்காக நீ ஒண்டும் மறைக்க வேண்டாம்! எழுதுங்கோ ஐயா. விட்டது நான். கடலில அள்ளி விட்டது நான். வீரகத்தி எண்டு பேரைப் போட்டு எழுதுங்கோ!"

யோகநாதன் எழுதினார். படகின் சொந்தக்காரர் தன் கையால் கடல்நீர் ஊற்றியதாகத் தானே ஒப்புக்கொண்டார். பற்றரி பழுதானது அதனால். திருத்தியவரில் பிழை இல்லை. இங்கிலீசில் மூன்று வரி. தீர்த்தம் என்ற சொல்லோ நஞ்சு என்ற சொல்லோ அதில் இல்லை. எழுதி முடித்துக் கடதாசியை மயில்வாகனத்தின் பக்கம் தள்ளினார்.

"சங்கம் குடுத்த முறைப்பாடு. சரியெண்டு சங்கம்தான் கையெழுத்துப் போட்டு முடிக்கவேணும்."

மயில்வாகனம் வாசித்தார். அந்த மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்த மற்ற ஒரே ஆள் அவர்தான். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார். திருவிழாக் குழு அங்கத்தவர், நெற்றியில் சந்தனத்தோடு, பற்றரியைச் சாகடித்தது அந்தத் துறைத் தண்ணீர்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"பிறகு பார்க்கலாமே ஐயா..."

"பிறகெண்டா முறைப்பாடு பொய்யெண்டு நான் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும். சங்கத்தின்ர மற்றப் படகுக் கடன்களும் அவையின்ர மேசையிலதான் கிடக்கு."

மயில்வாகனத்தின் முகத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. "ஐயோ, இதுக்கு முத்திரை ஒட்டவேணுமே! ஆறு சத முத்திரை. இண்டைக்குச் சனி, தபால் கந்தோர் பூட்டு. என்னட்டை ஒண்டும் இல்லை."

"என்னட்டைக் கிடக்கு" என்றான் யஹ்யா. விண்ணப்பத்துக்கென்று வாங்கியதில் மிஞ்சிய ஒரு முத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். நாக்கில் தொட்டு, கடதாசியில் தானே ஒட்டி, மேசையில் கையால் அழுத்தினான். பேனையையும் எடுத்து நீட்டினான். மயில்வாகனம் அந்த முத்திரையின் மேல் கையெழுத்துப் போட்டார். அவர் பேனை பிடித்ததை எல்லாரும் கண்டார்கள். எதில் போட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

தராதரப் பத்திரத்தை யோகநாதன் அங்கேயே ஒப்பமிட்டுக் கொடுத்தார். மூன்று வரியின் பிரதியைத் தான் எடுத்துக்கொண்டு, முத்திரை ஒட்டிய கடதாசியை அதோடு இணைத்தார். இரண்டையும் யஹ்யா கண்ணாடி போட்டுக் கொட்டிலில் மாட்டினான். ஊர் வந்து அண்ணாந்து பார்த்தது. இங்கிலீசு, முத்திரை, கையெழுத்து. யஹ்யாவின் கொட்டிலில் தொங்குகிற கடதாசியில் கையெழுத்து வேறு யாருடையதாக இருக்கும்? திங்கட்கிழமை கதை தொடங்கிவிட்டது. தொடக்கியவர் யார் என்று விசாரித்ததில், சந்தைக்கு அதைக் கொண்டுவந்தது காரியதரிசியின் வீட்டு வேலைக்காரி என்ற இடத்தோடு சுவடு நின்றுவிட்டது.

வதந்தியைப் பரப்பியவர்களும் பற்றரி கொண்டு வருகிறார்கள். செப்டெம்பர் முதலாம் திகதி முதல் வேறு ஆளிடம் கொடுக்க முடியாது. வாசலில் நின்று முறைக்கிறார்கள். உள்ளே வந்து அவனுடைய ஏச்சைக் கேட்கிறார்கள். வெளியே போய் அவனை ஏசுகிறார்கள். வீரகத்திக்கு மட்டும் யஹ்யாவோடு பேச்சில்லை. பற்றரியை வாசலில் வைத்துவிட்டு, கொட்டிலின் தூணைப் பார்த்து, "இது ஏறேல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மயில்வாகனமும் மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கிறது. சங்கப் படகுகளின் வேலைக் கணக்கை அவர்தான் பார்த்து ஒப்பமிட வேண்டும். வரும்போதெல்லாம், ஆறு பேர் இருந்தால் ஆறு பேர் கேட்க, யஹ்யா கேட்பான்.

"காரியதரிசி ஐயா, அந்த முத்திரை?"

"எந்த முத்திரை?"

"ஆவணியில ஒட்டினது."

சங்கத்து முத்திரை சங்கத்துச் செலவு. சங்கத்துச் செலவென்றால் கூட்டத்தில் வைத்து, எந்தக் கடதாசிக்கு, எதை ஒப்புக்கொண்டு ஒட்டியது என்று வாசிக்க வேண்டும். சொந்தச் செலவில் வாங்கிக் கொடுக்கலாம். கொடுத்தால், அந்தக் கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருமுறை ஆள் மூலமாக ஆறு சதத்தை ஒரு கடதாசியில் சுற்றி, பெயர் போடாமல் அனுப்பினார்.

யஹ்யா காசைத் திருப்பி அனுப்பினான். முத்திரையாகத்தான் வேண்டுமாம்.